கிறிஸ்துமஸ் தாத்தா விவகாரம்

திருவேற்காட்டில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் நாற்பத்தெட்டு வீடுகள். கிறிஸ்தவக் குடும்பங்கள் இரண்டு. மூன்றாவது மாடியில் இருப்பவர்களின் சபையில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை; வேதத்தில் தேதி போடவில்லையாம். ஆகவே டிசம்பர் பிறந்ததும் இரண்டாயிரம் வருஷத்துத் திருச்சபையின் முழுப் பொறுப்பும் இரண்டாவது மாடியில் இருக்கும் என் தலையில் வந்து இறங்கிவிடும்.

"மரம் வெச்சாச்சா?" என்று லிஃப்டில் கேட்பார்கள். "கேக்குல சாராயம் ஊத்துவீங்களாமே, நிஜமா?" என்பார்கள். "குடில் வெக்கறவங்க வேற, நீங்க வேறயா?" என்று ஒருவர் கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அன்று வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்துவிட்டு, மறுநாள் காலை அவர் பால் வாங்க இறங்கும் நேரம் பார்த்து லிஃப்டில் ஏறி, முழு விளக்கத்தையும் கொடுத்தேன். அவர் கேட்டதையே மறந்துபோயிருந்தார். நான் அப்படிப்பட்ட ஆள். யாராவது ஒரு கேள்வி கேட்டால் அது எனக்குப் பரீட்சை.

எங்கள் மகளுக்கு ஐந்து வயது. போன வருஷம் அவளுடைய பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா வந்தார். மிட்டாய் கொடுத்தார், ஆடினார், போனார். வீட்டுக்கு வந்த மகள் பையைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள்: "அம்மா, கிறிஸ்துமஸ் தாத்தா வேன் அங்கிளோட செருப்பைப் போட்டிருந்தார்."

சாதாரணத் தாயாக இருந்தால் சிரித்துவிட்டுப் பால் ஆற்றப் போயிருப்பாள். நான் இரண்டு நாள் படித்தேன். குழந்தையிடம் தாத்தா உண்டென்று சொன்னால் கற்பனை வளரும் என்று ஒரு கட்சி. பெற்றோர் மேல் உள்ள நம்பிக்கை பின்னால் இடிந்து விழும் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் டாக்டர்கள் இருந்தார்கள். மூன்றாம் நாள் என் கணவரிடம் ஆலோசனை கேட்டேன்.

"வேன் அங்கிள்தான்னு சொல்லிட்டுப் போயேன். அவளே கண்டுபிடிச்சுட்டா, இனிமே என்ன?" என்றார். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் தரச்சோதனை செய்கிறவர். ஒரு பொருளைப் பார்த்தால் தேறும், தேறாது என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

கடைசியில் மகளை உட்காரவைத்து, கிறிஸ்துமஸ் தாத்தா என்பது ஒரு வேஷம், உள்ளே யாராவது தெரிந்தவர் இருப்பார் என்று சொன்னேன். அதே மாதம் ஞாயிறு பள்ளி டீச்சரும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "கிறிஸ்துமஸ் யாரோட பிறந்தநாள்? தாத்தாவோடதா?" என்று கேட்க, பிள்ளைகள் "இல்லை" என்று கூரை அதிரச் சொன்னார்கள். அம்மா சொல்வதும் சபை சொல்வதும் ஒன்றாக இருப்பது எங்கள் வீட்டில் அபூர்வம். என் பிள்ளையிடம் நான் பொய் சொல்லவில்லை என்ற நிம்மதியில் ஒரு வருஷம் ஓடியது.

இந்த வருஷம் டிசம்பர் இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். நான் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். அச்சு நன்றாகக் காய்ந்து, மாவு ஒட்டாமல் கழன்று விழ ஆரம்பித்த அந்த நல்ல நேரம் பார்த்து இன்டர்காம் அடித்தது. முதல் மாடியில் இருக்கும் பையனின் அம்மா. அந்தப் பையனும் என் மகளும் ஒரே வகுப்பு. மாலையில் ஒன்றாகத்தான் விளையாடுவார்கள்.

"ஏங்க, கொஞ்சம் கீழ வர முடியுமா?" என்றார். குரலில் "முடியுமா" இல்லை.

கீழே போனேன். அவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு வழக்கமாக வரும் தாழ்வு மனப்பான்மை வந்தது. ஆறடி மரம். அதில் வெள்ளி மணிகள், சிவப்பு மணிகள், பஞ்சுப் பனி. ஜன்னல் கம்பியில் மூன்று ஜோடி நீளக் காலுறைகள் தொங்கின. டி.வி. மேல் மான்கள் இழுக்கும் வண்டி. அதற்கு அந்தப் பக்கம் பூஜை அலமாரி, மாங்காட்டு அம்மன் படம், வாசலில் பெரிய கோலம். இவ்வளவுக்கும் நடுவே எங்கள் வீட்டு இரண்டடி மரம் இன்னும் பரணில், பெட்டியைவிட்டே வெளியே வராமல் கிடந்தது ஞாபகம் வந்தது.

பையன் சோபாவில் குப்புறப் படுத்து விசும்பிக்கொண்டிருந்தான்.

"சைக்கிள் வேணும்னு தாத்தாவுக்கு லெட்டர் எழுதி வெச்சிருந்தான்" என்றார் அவன் அம்மா. "உங்க பொண்ணு அதைப் படிச்சுட்டு, யாருக்குடா எழுதுற, அப்படி ஒருத்தரே கிடையாதுன்னு சொல்லிட்டா. அவன் மத்தியானத்துலேர்ந்து சாப்பிடலை."

"சாரிங்க" என்றேன்.

"குழந்தை சொன்னதைத் தப்புன்னு சொல்லலை. ஆனா அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்திருப்பாங்க, சொல்லுங்க?"

"சாரிங்க."

"கிறிஸ்டியன்ஸ் நீங்க. நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?"

ஞானஸ்நானம் வாங்கி, திடப்படுத்தல் எடுத்து, இருபது வருஷம் பாடகர் குழுவில் நின்றவள் நான். என் மதத்தில் எதை நம்ப வேண்டும் என்று எனக்கு இதுவரை யாரும் இவ்வளவு தெளிவாக எடுத்துச் சொன்னதில்லை. மூன்றாவது தடவையும் சாரி சொல்லிவிட்டு மேலே வந்தேன். அடுப்பில் இருந்த அச்சு முறுக்கு கருகிக் கறுப்பு நட்சத்திரம்போல் ஆகியிருந்தது.

"எதுக்கு சாரி சொன்ன?" என்று கணவர் கேட்டார்.

"தெரியலை" என்றேன். அது உண்மை.

அன்று இரவே எங்கள் அடுக்குமாடிப் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. "குழந்தைகளின் கள்ளமில்லாத மனசை யாரும் உடைக்க வேண்டாம், ப்ளீஸ்." யார் பெயரும் இல்லை. நாகரிகமான கூட்டம். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ஐந்தாவது மாடியிலிருந்து ஒருவர், "அவங்க பண்டிகையை அவங்களே மதிக்கலைன்னா நாம என்ன பண்றது" என்று எழுதினார். நான் நான்கு பதில்கள் எழுதி நான்கையும் அழித்தேன். ஒன்றில் வரலாறு இருந்தது, ஒன்றில் மன்னிப்பு, ஒன்றில் இரண்டும். கடைசியில் கும்பிடும் கைகளை மட்டும் அனுப்பினேன். என்மேல் வந்த புகாருக்கு நானே வழிமொழிந்த மாதிரி ஆயிற்று.

மறுநாள் சாயங்காலம் மகள் விளையாடப் போனாள். பையன் அவளிடம் காய் விட்டான். அவன் விட்டதால் மற்ற ஏழு பேரும் விட்டார்கள். எனக்கு இதை அவள் வந்து சொல்லவில்லை. பால்கனியிலிருந்து நானே பார்த்தேன். ஊஞ்சல் முழுவதும் அவளுக்கே கிடைத்தது. முதல் நாள் அதில் சந்தோஷமாகத்தான் ஆடினாள். இரண்டாம் நாளும் ஆடினாள். மூன்றாம் நாள் ஐந்தே நிமிஷத்தில் மேலே வந்து, "ஊஞ்சல் போர் அடிக்குது" என்றாள். அதற்கப்புறம் சாயங்காலங்களில் என் பின்னாலேயே அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஞாயிறு பள்ளி டீச்சரிடம் போனேன். விஷயத்தைச் சொல்லி, கொஞ்சம் பக்குவமாகச் சொல்லிக்கொடுத்தால் நல்லது என்று கேட்பதுதான் திட்டம். அதைச் சொல்லும் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்திருந்தேன். நான் பாதி சொல்வதற்குள் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சிஸ்டர், பாப்பா எவ்வளவு பெரிய சாட்சி சொல்லியிருக்கா" என்றார்.

"சாட்சி எல்லாம் இல்லை டீச்சர். ஒரு பையன் சைக்கிள் கேட்டு..."

"நீங்க தாழ்மையா பேசுறீங்க."

பிள்ளைகள் கலைவதற்கு முன் டீச்சர் கையைத் தட்டி எல்லாரையும் நிறுத்தினார். நம்ம ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒருத்தி, தான் குடியிருக்கிற இடத்தில் ஒருத்தருக்கும் பயப்படாமல் ஆண்டவரை அறிக்கை செய்தாள் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒரு சைக்கிள் விண்ணப்பத்தின் விலாசம் தப்பு என்று தகவல் சொன்னாள், அவ்வளவுதான். ஒரு வயதான அம்மா வந்து அவள் தலையில் கைவைத்து, "மிஷனரியா வருவா" என்றார்.

ஆட்டோவில் வரும்போது மகள் கேட்டாள்: "மிஷனரின்னா என்னம்மா?"

"தூரமா போய் வேலை பாக்கறவங்க."

"அப்பா மாதிரி அம்பத்தூருக்கா?"

ஆகக் கூடி, ஒரே வாரத்தில், சொன்ன ஒரே வாக்கியத்துக்காக, என் மகள் அபார்ட்மெண்டில் குற்றவாளியாகவும் சபையில் பரிசுத்தவாட்டியாகவும் ஆகியிருந்தாள். இரண்டு இடத்திலும் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். குடியிருப்பில் எந்தப் பண்டிகை என்றாலும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பிவிடுவார். அடுத்த ஞாயிறு நாலு மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் கிறிஸ்துமஸ் விழா என்றார்.

"தாத்தா வேஷம் உங்க வீட்டுப் பொறுப்பு சார். போன வருஷம் ஏ பிளாக் சார் போட்டாரு, அவ்வளவு சரியா வரலை. நீங்கதானே ஒரிஜினல்."

என் கணவர் வாயில் முறுக்கு இருந்தது. தலையைத்தான் ஆட்ட முடிந்தது. செயலாளர் அதை எழுதிக்கொண்டார்.

"இன்னொரு சின்ன விஷயம்மா" என்று என் பக்கம் திரும்பினார். "பாப்பா மைக்ல வந்து, நான் விளையாட்டுக்குச் சொன்னேன், தாத்தா இருக்கார்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். பசங்க எல்லாம் உடனே சேந்துக்குவாங்க. சின்னப் பசங்க சண்டை, பெருசு பண்ண வேண்டாம் பாருங்க."

நல்ல மனிதர். உதவி செய்கிறோம் என்றுதான் அவர் நினைத்தார். அவர் போனபிறகு நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வார்த்தை சொன்னால் எட்டுப் பிள்ளைகள் திரும்ப வருவார்கள். ஊஞ்சலுக்கு வரிசை வரும். அப்புறம், அந்த ஒரு வார்த்தை பொய் என்பது நினைவுக்கு வரும். ஒரு வருஷம் முன்னால் நான்தான் அவளை உட்காரவைத்து உண்மை சொன்னேன் என்பது நினைவுக்கு வரும். செவ்வாய்க்கிழமை சொல்லச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். புதன்கிழமை வேண்டாம் என்று முடிவு செய்தேன். வியாழக்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னும்போது வாய் தானாகத் திறந்தது.

"பாப்பா, ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் தாத்தா இருக்கார்னு ஒரு தடவை சொல்றியா?"

"இல்லையே."

"சும்மா விளையாட்டுக்கு."

"இல்லாதவரை இருக்கார்னு சொன்னா பொய்தானே?"

"எல்லாரையும் சந்தோஷப்படுத்தச் சொல்றது பொய் ஆகாதுமா." இதை நான் எங்கே படித்தேன் என்று நினைவில்லை. எங்கும் படித்திருக்க மாட்டேன்.

பின்னலில் ரிப்பனைக் கட்டும்போது கேட்டாள்: "அப்ப நீ என்கிட்ட சொன்னதும் என்னைச் சந்தோஷப்படுத்தத்தானா?"

"எது?"

"இயேசப்பா இருக்கார்னு சொன்னது."

"பாலைக் குடி, வேன் வந்துடும்" என்றேன். வேன் வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

அன்று முழுக்க எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. எட்டுப் பிள்ளைகளும் காய் விட்டதுகூடப் பின்னால் போய்விட்டது. ஒரு சிவப்புக் குல்லாக்காரருக்காக நான் ஒரு பொய் சொல்லச் சொன்னால், அவள் என் வாயிலிருந்து வந்த எல்லாவற்றையும் எடுத்துத் தட்டிப் பார்ப்பாள். அவள் அப்பா மகள். தேறும், தேறாது என்று பிரித்துவிடுவாள். தேறாத பக்கத்தில் எதெல்லாம் போய் விழும் என்பதுதான் என் பயம்.

செயலாளருக்குப் போன் செய்தேன். "பாப்பா மைக்ல பேச மாட்டா சார். ரொம்பக் கூச்ச சுபாவம்" என்றேன். யாரும் கேட்காமலே லிஃப்டில் பாட்டுப் பாடுகிற குழந்தை அவள். மகளிடம், ஞாயிற்றுக்கிழமை தாத்தாவைப் பற்றி யாரிடமும் எதுவும் பேச வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

"யாராவது கேட்டா?"

"யாரும் கேக்க மாட்டாங்க."

பூந்தமல்லியில் பள்ளிக்கூட மாறுவேஷப் போட்டிகளுக்கு உடை வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்று இருக்கிறது. கணவர் அங்கே போய் எடுத்து வந்தார். கிறிஸ்துமஸ் வாரத்தில் நல்ல உடைகள் எல்லாம் போய்விட்டனவாம். எங்களுக்குக் கிடைத்த அங்கியில் யாருக்கோ பாரதியார் மீசை வரைந்த கறுப்பு மை இடுப்புவரை வழிந்திருந்தது. தாடியில் பூச்சி உருண்டை வாசனை. முகமூடி ரோஸ் நிறப் பிளாஸ்டிக். கன்னம் உப்பி, பல் முழுக்கத் தெரிய ஒரு சிரிப்பு. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை. கைக்கு எட்டும் தூரத்தில் பார்த்தபோது நானே ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

"இது கொஞ்சம் பயமா இல்லை?" என்றேன்.

"தாத்தாதானே" என்றார். அவர் தரச்சோதனை செய்கிறவர் என்பதை ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

ஞாயிறு நாலு மணி. கார்களை ஓரங்கட்டி, நாற்காலி போட்டு, தூண்களுக்குக் காகிதச் சங்கிலி சுற்றியிருந்தார்கள். செயலாளர் வீட்டுப் பூஜை மணியை ஆட்டிக்கொண்டு, வயிற்றில் தலையணையோடு, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னாலிருந்து என் கணவர் பாய்ந்து வந்தார். "ஹோ, ஹோ" என்றார். முகமூடிக்குள்ளிருந்து அது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது.

கூடியிருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அம்மாக்களின் பின்னால் போனார்கள். இரண்டு பேர் வீறிட்டார்கள். தாத்தாவை எல்லாரையும்விட அதிகமாக நம்பிய முதல் மாடிப் பையன், வெள்ளைக் கார் ஒன்றுக்கும் தூணுக்கும் நடுவில் புகுந்து உட்கார்ந்துவிட்டான்.

"கண்ணா, உன் தாத்தாடா. லெட்டர் எழுதினியே, வந்துட்டார் பாரு" என்று அவன் அம்மா இழுத்தார்.

"வேணாம், போகச் சொல்லு. எனக்கு சைக்கிள் வேணாம்" என்று அழுதான்.

சமாதானப்படுத்தலாம் என்று என் கணவர் கிட்டே போய் இன்னும் பலமாக ஒரு "ஹோ" சொன்னார். பையனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

என் பக்கத்தில் நின்ற மகளை அப்போதுதான் தேடினேன். அவள் அங்கே இல்லை. தூணுக்கும் காருக்கும் நடுவில், பையனுக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"டேய், அழாத. அது எங்க அப்பா" என்றாள். "உள்ள தலையணை வெச்சிருக்காங்க. எங்க வீட்டுத் தலையணை. பூப்போட்டது."

பையன் அழுகையை நிறுத்தினான். "நிஜமாவா?"

"எங்க அம்மாவைக் கேளு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பையனின் அம்மா தலையை மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்தார், வேண்டாம் என்று. செயலாளர் நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மகள் மட்டும் எந்தச் சைகையும் செய்யாமல், பஸ்ஸுக்கு நிற்கிறவள்போல என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"ஆமாப்பா, அது மாமாதான்" என்றேன்.

"அப்ப நிஜ தாத்தா?"

"நிஜ தாத்தான்னு தனியா யாரும் இல்லைப்பா" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோபோல இருந்தது.

அவன் யோசித்தான். உலகம் இடிந்து விழும் என்று நான் எதிர்பார்த்த இடத்தில் அவன் கேட்டது இதுதான்: "அப்ப சைக்கிள் யாரு தருவா?"

"அப்பா வாங்கிட்டார்டா, அத்தை வீட்டுல இருக்கு" என்று அவன் அம்மாவுக்கு வாய் தவறிவிட்டது.

அவன் எழுந்து, நேராகத் தாத்தாவிடம் போய், வயிற்றில் ஒரு குத்து விட்டான். தலையணைதான் என்று உறுதியானதும் இன்னொரு குத்து. அடுத்த நிமிஷம் எட்டுப் பிள்ளைகளும் என் கணவரைச் சூழ்ந்துகொண்டு குத்தினார்கள். இத்தனை வருஷ விழாக்களில் இதற்குத்தான் அதிகக் கூட்டம் என்று பின்னால் செயலாளர் சொன்னார்.

குத்தி முடித்த பிள்ளைகள் மகளைச் சுற்றி வந்து நின்றார்கள். இனி அவள்தான் நிபுணர்.

"பூச்சாண்டி இருக்கானா?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள்.

"கிடையாது."

"சப்போட்டா விதை முழுங்கினா வயித்துல மரம் வருமா?"

"வராது. எங்கம்மா சொன்னாங்க."

"கண்ணாடியை ராத்திரி பாத்தா?"

"ஒண்ணும் ஆகாது. எங்கம்மா சொன்னாங்க."

ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு அம்மாவின் முகம் மாறியது. பூச்சாண்டி போய்விட்டால் அந்தச் சின்னப் பெண்ணுக்கு இட்லி எப்படி ஊட்டுவது என்று அவள் அம்மா கணக்குப் போடுவது தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆதாரமாக நான் நின்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

"ஆனா ஒண்ணு" என்றாள் மகள், குரலைத் தாழ்த்தி. "தயிர்சாதம் சாப்பிடலைன்னா செக்யூரிட்டி அங்கிள் கோணில போட்டுத் தூக்கிட்டுப் போயிடுவார். அது மட்டும் நிஜம். எங்கம்மாவே சொல்லியிருக்காங்க."

செக்யூரிட்டி இரண்டடி தள்ளிக் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த ஊர்க்காரர், ஐம்பது வயது, எங்கள் கேஸ் சிலிண்டரைத் தானே தூக்கி வந்து வைப்பவர்.

"இன்னாம்மா இது?" என்றார் என்னிடம். "நா எப்ப புள்ள புடிச்சுகினு போனேன்? ரெண்டு வருசமா இந்தப் பாப்பா என்னைப் பாத்தா மட்டும் செவுத்தோட ஒட்டிகினு போவுது. எதுனா கோவமா கீதோன்னு நானும் நெனச்சுகினு இருந்தேன்."

முதல் மாடிப் பையனின் அம்மா இரண்டு வாரத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல, அகலமான சிரிப்பு.

மூன்று வயதில் மகள் தயிர்சாதத்தை வாயில் ஒதுக்கிவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருவாள். ஒரு மத்தியானம் பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போய், கீழே நின்ற காக்கிச் சட்டையைக் காட்டி அதைச் சொன்னேன். விழுங்கினாள். மறுநாளும் சொன்னேன். தாத்தாவைப் பற்றி இரண்டு நாள் ஆராய்ச்சி செய்தவள், இதை ஒரு நாளும் பொய் என்று எண்ணிப் பார்க்கவில்லை. அது சாப்பாடு ஊட்டும் வேலையில் சேர்ந்துபோயிருந்தது.

மகள் செக்யூரிட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அது பொய்மா" என்றேன். "நான் சொன்ன பொய். அங்கிள் அப்படிச் செய்யவே மாட்டார்." அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். இந்தத் தடவை எதற்கு என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"பரவால்லம்மா, உடு" என்றார். தன் கேக்கில் பாதியைப் பிய்த்து அவளிடம் நீட்டினார். அவள் ஒரு நொடி யோசித்து, போய் வாங்கிக்கொண்டாள்.

மேலே போகும்போது லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூவரும் படி ஏறினோம். கணவர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் போனார்.

"வேற என்னல்லாம் பொய் சொன்ன?" என்று மகள் கேட்டாள்.

மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை. "டி.வி. ரிப்பேர்னு சொன்னேன், பிளக்கைப் பிடுங்கி வெச்சிருந்தேன். ஊசி எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்னு சொன்னேன். ஐஸ்கிரீம் கடை மூடிட்டாங்கன்னு சொன்னேன், திறந்துதான் இருந்துச்சு. உனக்குக் கூச்சம்னு செயலாளர் அங்கிள்கிட்ட சொன்னேன்."

"எனக்குக் கூச்சமே இல்லையே."

"இல்லை."

"பொம்மைக் கடைக்கு லீவுன்னு சொன்னது?"

"அது அப்பா சொன்னது."

"என்னை ஏன் இழுக்கற?" என்றார் கணவர், திரும்பாமல்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றாள். உதட்டோரம் செக்யூரிட்டி கொடுத்த கேக்கின் துணுக்கு ஒட்டியிருந்தது. "அப்ப இயேசப்பா?"

இந்தத் தடவை பால் இல்லை, வேன் இல்லை. படித்ததில் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"நான் பாத்ததில்லைமா. இருக்கார்னு நம்பறேன். அதை உன்னை ஏமாத்தறதுக்காகச் சொல்லலை."

"தெரியுமா, நம்பறியா?"

"நம்பறேன்."

அவள் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. செயலாளர், டீச்சர், பெண்கள் குரூப் யாருமே எனக்கு இப்படி ஒரு பயத்தைக் கொடுத்ததில்லை.

"சரி, யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

கிறிஸ்துமஸ் அன்று விடிகாலை ஆராதனைக்குப் புதுக் கவுன் போட்டுக்கொண்டு வந்தாள். எல்லாப் பாட்டையும் என்னைவிடப் பலமாகப் பாடினாள். வீட்டுக்கு வந்ததும் அச்சு முறுக்குத் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு முதலில் செக்யூரிட்டியிடம் போனாள், அப்புறம் முதல் மாடிக்கு. பையன் புது சைக்கிளில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தைப் பதினோரு தடவை சுற்றியதாக அவள்தான் வந்து சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்ற விஷயத்தைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.